தனுஷ்கோடிக் கப்பல்களும் அரபு நாட்டுப் பாகப்பிரிவினையும்

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்து, போட் மெயில் ரயில் தனுஷ்கோடி வரை ஓட ஆரம்பித்தது. அங்கிருந்து தலைமன்னாருக்கு ஆள் ஏற்றிப்போக தென்னிந்திய ரயில்வே மூன்று நீராவிக் கப்பல்களை விட்டது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். எங்கள் அப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர். (வாப்பாவின் வாப்பாவைக் கீழக்கரையில் நாங்கள் அப்பா என்றுதான் கூப்பிடுவோம்.) ரம்ஜானுக்கு ஊர் வரும்போதெல்லாம் "கர்சன்ல ஏறுனேன், மூணாவது மணி மண்டபம்" என்கிற மாதிரி கப்பல் பெயரைச் சொல்லித்தான் பயணத்தை விவரிப்பாராம். சபராளிகள், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள், எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். பெயர்கள் யாருடையவை என்று யாரும் கேட்டதில்லை.

மூன்றும் வைஸ்ராய்களின் பெயர்கள். எல்ஜினை விட்டுவிடுவோம். மற்ற இரண்டு பேரும், முதல் உலகப் போரின்போது அரபு நிலங்களை யார் எடுத்துக்கொள்வது என்று ஐரோப்பிய அரசுகள் முட்டிக்கொண்ட அந்த விவகாரத்தில் நேரடியாகக் கை வைத்தவர்கள். இதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் சைக்ஸ், பிகோ, பால்ஃபர் என்று லண்டன், பாரிஸ் பக்கமே நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தியாவின் பெயரில், இந்தியக் கஜானாவில், இந்திய ஆட்களை வைத்து நடந்த பாதி கதை விட்டுப்போகிறது. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிற காலத்தில் அது விட்டுப்போகக் கூடாது என்று எனக்குப் படுகிறது. நான் குவைத்தில் ஷுவைக் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்து, 1990-ல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தவன். அந்த வருடத்திலிருந்துதான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஹார்டிஞ்ச். 1910 முதல் 1916 வரை வைஸ்ராய். 1914 அக்டோபர் கடைசியில் துருக்கி ஜெர்மனியின் பக்கம் போரில் இறங்கியது. இந்தியாவில் கோடிக்கணக்கான முஸ்லிம்கள். பட்டாளத்திலும் பெரும்பங்கு முஸ்லிம்கள். துருக்கி சுல்தான்தான் கலீஃபா, முஸ்லிம் உலகத்தின் தலைவர் என்ற ஸ்தானம். நவம்பர் 2-ம் தேதி வைஸ்ராய் அரசாங்கம் ஓர் அறிவிப்பு கொடுத்தது: அரபு நாட்டின் புனிதத் தலங்களையும், இராக்கின் ஜியாரத் இடங்களையும், ஜித்தா துறைமுகத்தையும் பிரிட்டிஷ் கடற்படையோ தரைப்படையோ தொடாது, இந்திய ஹாஜிகளுக்கு இடைஞ்சல் வராதவரை இந்த வாக்கு நிற்கும். அடுத்த சில நாட்களில் இஸ்தான்புல்லில் ஜிஹாத் பிரகடனம் வந்தது. அது இந்தியப் பட்டாளத்துக்குள் புகுந்துவிடக் கூடாது என்ற பயம்தான் அந்த அறிவிப்பின் முழு அர்த்தமும்.

1916 ஜூனில் என்ன நடந்தது என்று பாருங்கள். மக்காவின் தலைவரான ஷரீஃப் ஹுசைன் துருக்கிக்கு எதிராகக் கிளம்பிவிட்டார். ஜித்தாவில் இருந்த துருக்கியப் படை மீது கடலிலிருந்து குண்டு வீசிய கப்பல்களில் ஒன்று இந்திய அரசாங்கத்தின் கப்பல் படையான ராயல் இந்தியன் மரைனைச் சேர்ந்தது. அதன் பெயரும் ஹார்டிஞ்ச். தனுஷ்கோடிக் கப்பல் வேறு, இது வேறு. இது 1900-லேயே கட்டியது, இந்த வைஸ்ராய்க்கு முன்பே அவருடைய தாத்தா ஹென்றி ஹார்டிஞ்ச் இங்கே கவர்னர் ஜெனரலாக இருந்திருக்கிறார். ஆனாலும் தொடமாட்டோம் என்று சொன்ன துறைமுகத்தில் அதே குடும்பப் பெயர் தாங்கிய இந்தியக் கப்பல் சுட்டது. ஷரீஃப் தரப்புக்கு உதவத்தானே என்று அவர்கள் பக்கம் ஒரு பதில் இருந்தது. எனக்கு இதில் தெரிவது இதுதான்: 1914-ல் அவர்களுக்குத் தேவைப்பட்டவன் இந்திய முஸ்லிம், வாக்கு அவனுக்குப் போனது. 1916-ல் தேவைப்பட்டவர் ஷரீஃப், குண்டு அவருக்காகப் போனது. போர் முழுக்க இந்த முறையேதான்.

பஸ்ரா விஷயம் இன்னும் நெருக்கமானது. துருக்கி மீது பிரிட்டன் போர் அறிவித்த மறுநாள், நவம்பர் 6, இந்தியாவிலிருந்து போன படை ஷத்துல் அரபு ஆற்று முகத்தில் ஃபாவ் என்ற இடத்தில் இறங்கியது. மூன்றாவது வாரம் பஸ்ரா கைக்கு வந்தது. ஈரான் பக்கம் அபாதானில் எண்ணெய் ஆலையும் குழாயும் இருந்தன. கடற்படை எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த நேரம். அதைக் காப்பது ஒரு காரணம். ஜெர்மனியின் பாக்தாத் ரயில் வளைகுடாவைத் தொட்டுவிடக் கூடாது என்பது பழைய காரணம். ஆனால் அங்கே போன அதிகாரிகளின் மனதில் வேறொன்றும் இருந்தது. ஆர்னால்ட் வில்சன் என்ற அதிகாரி, பின்னால் பாக்தாத்தில் பெரிய பதவிக்கு வந்தவர், அந்த நவம்பரிலேயே எழுதிவிட்டார்: மெசபொடேமியாவை (இன்றைய இராக்கை) இந்தியாவோடு சேர்த்துவிட வேண்டும், அது இந்தியர்களுக்கான குடியேற்ற நாடாக வேண்டும், பஞ்சாபின் போர்க்குடிகளைக் கொண்டுபோய்க் குடிவைத்து அந்தச் சமவெளியை உழ வேண்டும். அங்கே இருக்கிற அரபுகளைக் கேட்க வேண்டுமே என்ற நினைப்பே அதில் கிடையாது. 1915 தொடக்கத்தில் ஹார்டிஞ்சே நேரில் போய் பஸ்ராவைப் பார்த்து வந்தார். ஆக்கிரமித்த பகுதிக்கு இந்தியச் சட்டங்களை ஒட்டி ஒரு சட்டத் தொகுப்பு போட்டார்கள். நாணயம் இந்திய ரூபாய். இராக்கில் 1932-ல் தினார் வரும்வரை ரூபாய்தான் ஓடியது.

எங்கள் வீட்டில் ஒரு ரூபாய் நோட்டு இருக்கிறது. வாப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்தது. பார்க்க நம் ஒரு ரூபாய் நோட்டுதான், ஆனால் நிறம் சிவப்பு, எண்ணுக்கு முன்னால் 'இசட்' என்ற எழுத்து. தங்கக் கடத்தலால் இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைகிறது என்று 1959-ல் இந்திய அரசு வளைகுடாவுக்கென்றே தனியாக அச்சடித்த நோட்டு அது. நான்காக மடித்த மடிப்பில் காகிதம் இற்றுவிட்டது, சிங்கத் தலை பாதி அழிந்துவிட்டது. இந்தியாவுக்குள் செல்லாத இந்தியப் பணம். வளைகுடாவை லண்டன் இல்லை, முதலில் பம்பாயும் பிறகு கல்கத்தாவும், இந்திய அரசாங்கத்தின் கோடைத் தலைநகரான சிம்லாவும்தான் ஆண்டன என்பதற்கு என் கையில் இருக்கிற அத்தாட்சி இது ஒன்றுதான். ஈரான் கரையில் புஷயர் துறைமுகத்தில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடெண்ட், இந்திய அரசாங்கத்துக் கடிதத் தலைப்பில்தான் ஷேக்குகளுக்கு எழுதினார். 1899 ஜனவரியில் குவைத் ஷேக் முபாரக்கோடு ரகசிய உடன்படிக்கை எழுதியதும் அந்த ரெசிடெண்ட்தான்: பிரிட்டனைக் கேட்காமல் ஒரு சாண் நிலமும் யாருக்கும் கொடுக்கக் கூடாது, வேறு நாட்டுப் பிரதிநிதி யாரையும் ஏற்கக் கூடாது, பதிலுக்கு 15,000 ரூபாய். ரயிலோடு ஜெர்மனி, இன்னொரு ரயில் திட்டத்தோடு ரஷ்யா, இரண்டும் குவைத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அந்த மாதம்தான் கர்சன் வைஸ்ராய் நாற்காலியில் உட்கார்ந்தார். 1903 நவம்பரில் அவரே போர்க்கப்பல்களோடு வளைகுடாவுக்குப் போய், ஷார்ஜா கடலில் கப்பலிலேயே தர்பார் நடத்தி, ஷேக்குகளை வரவழைத்து, இந்தக் கடலின் காவல் எங்களுடையது என்று சொல்லிவிட்டு வந்தார். இன்று நம் பையன்கள் ஷார்ஜாவில் ஒரு ரூமில் ஆறு பேராகக் கிடக்கிறார்கள். கர்சனின் தர்பார் அந்தக் கடற்கரைக்கு முன்னால்தான் நடந்தது.

ஆக, இந்திய அரசாங்கத்துக்கு பஸ்ராவும் பாக்தாத்தும் வேண்டும். கெய்ரோவில் உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு வேறு கணக்கு. அவர்களுக்கு அரபுக் கலகம் வேண்டும், துருக்கியை உள்ளிருந்து உடைக்க. எகிப்தில் ஹை கமிஷனராக வந்தவர் ஹென்றி மக்மோகன். நமக்கெல்லாம் தெரிந்த மக்மோகன் கோட்டின் அதே மக்மோகன்தான். 1914-ல் சிம்லாவில் திபெத்தோடு கோடு போட்ட கையோடு கெய்ரோவுக்கு மாற்றலானவர். 1915 அக்டோபர் 24-ல் அவர் ஷரீஃப் ஹுசைனுக்கு எழுதிய கடிதத்தில், டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போவுக்கு மேற்கே உள்ள சிரியாப் பகுதி நீங்கலாக, பிரெஞ்சு நலனுக்குக் குந்தகம் இல்லாத இடங்களில், அரபு சுதந்திரத்தை ஏற்கிறோம் என்றார். பாக்தாத், பஸ்ராவுக்கு மட்டும் பிரிட்டனின் தனி ஏற்பாடு இருக்கும் என்றும் ஒரு வரி.

இது சிம்லாவுக்குத் தெரிந்தபோது ஹார்டிஞ்ச் கொதித்துவிட்டார். எங்களைக் கேட்காமல் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டார். அப்படி ஓர் அரபு ராஜ்யம் எப்போதாவது உருவானால் அது சிதறிப்போக வேண்டும் என்பதே என் வேண்டுதல் என்ற கருத்தில் லண்டனுக்கே எழுதினார். ஒரே அரசரின் இரண்டு அலுவலகங்கள்! ஒன்று அரபுகளுக்கு ராஜ்யம் தருகிறேன் என்கிறது. மற்றது அந்த ராஜ்யம் பிறக்கும் முன்பே அது நாசமாக வேண்டும் என்கிறது.

சிம்லா அதோடு நிற்கவில்லை. மக்மோகன் கடிதம் போய் இரண்டே மாதத்தில், 1915 டிசம்பர் 26-ல், கத்தீஃபுக்கு எதிரே தாரூத் தீவில் உள்ள தாரீன் என்ற முத்துக்குளிப்பு ஊரில், இந்திய அரசாங்கத்தின் அதிகாரி பெர்சி காக்ஸ், அரேபியாவின் உள்பகுதியான நஜ்தை ஆண்ட இப்னு சவூதோடு உடன்படிக்கை செய்தார். முத்து என்றால் எங்கள் மன்னார் வளைகுடாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாரீனும் அப்படிப்பட்ட ஊர்தான். இப்னு சவூதும் ஹுசைனும் ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள். ஒருவர் சிம்லாவின் ஆள், மற்றவர் கெய்ரோவின் ஆள். பின்னால் இப்னு சவூதுக்கு மாதம் 5,000 பவுன் போனது, ஹுசைனுக்கு அதைவிடப் பல மடங்கு. 1919 மே மாதம் துரபா என்ற இடத்தில் இந்த இருவரின் படைகளும் மோதி, ஹுசைனின் மகன் அப்துல்லாவின் படை ஒரே இரவில் அழிந்தது. செத்த இரு தரப்புக்கும் சம்பளம் ஒரே கஜானாவிலிருந்து. 1924-ல் மக்காவும் 1925 கடைசியில் ஜித்தாவும் இப்னு சவூதிடம் போயின.

இதையெல்லாம் எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் கிடங்கில் என்னோடு வேலை பார்த்த ஒரு ஃபலஸ்தீனியர். நாப்ளுஸ் குடும்பம். எல்லோரும் அவரை மூத்த மகன் பெயரில் அபூ காலித் என்று அழைப்போம். சரக்கு வராத ஒரு மத்தியானம், டெலிவரி நோட்டு ஒன்றைத் திருப்பிப்போட்டு, அதன் பின்பக்கத்தில் மூன்று வருடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். 1915, 1916, 1917. முதலாவதற்கு நேரே "எங்களுக்கு" என்று அரபியில் எழுதினார். இரண்டாவதற்கு நேரே "பிரான்சுக்கு". மூன்றாவதற்கு நேரே "யூதர்களுக்கு". மூன்றையும் சேர்த்து ஓர் அம்புக்குறி போட்டு "ஒரே நிலம்" என்று எழுதிவிட்டு, "மூன்றாவது கடிதம் 67 வார்த்தை, தெரியுமா அகீ (சகோதரா)? எங்கள் ஊரில் ஜனங்கள் 90 சதவீதம் அரபுகள், அந்த 67 வார்த்தையில் அரபு என்ற சொல்லே இல்லை" என்றார். ஃபலஸ்தீனில் யூதர்களுக்குத் தாயகம் என்று 1917 நவம்பர் 2-ம் தேதி பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் எழுதியது. அதில் அரபுகள் "யூதரல்லாத மற்ற சமூகங்கள்" என்றுதான் வருகிறார்கள். அந்தக் காகிதத்தை அவர் கசக்கிக் குப்பையில் போட்டார். நான் எடுத்து வைத்திருக்கலாம்.

நடுவில் உள்ள 1916-ஐப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மார்க் சைக்ஸ் பிரிட்டிஷ் எம்.பி. 1915 டிசம்பர் 16-ம் தேதி அமைச்சர்கள் கூட்டத்தில் வரைபடத்தை விரித்து, மத்தியதரைக் கடலோர அக்கா நகரின் ஆங்கிலப் பெயரில் உள்ள கடைசி எழுத்திலிருந்து இராக்கில் உள்ள கிர்குக்கின் கடைசி எழுத்துவரை ஒரு கோடு போடலாம் என்று காட்டினார். வடக்கே பிரான்ஸ், தெற்கே பிரிட்டன். எதிர்த்தரப்பில் பிரான்சுவா ஜார்ஜ் பிகோ, முன்பு பெய்ரூத்தில் கான்சல் ஜெனரல். போர் வந்து அவர் பெய்ரூத்தை விட்டுப் புறப்பட்டபோது, பிரெஞ்சு உதவி கேட்ட அரபுத் தலைவர்களின் பெயர்கள் உள்ள காகிதங்களை கான்சலேட்டிலேயே விட்டுப்போனார். அவை துருக்கியர் கையில் கிடைத்தன. சிரியாவை ஆண்ட துருக்கியத் தளபதி ஜமால் பாஷா 1915 ஆகஸ்டிலும் 1916 மே 6-ம் தேதியும் பெய்ரூத், டமாஸ்கஸ் சதுக்கங்களில் பலரைத் தூக்கில் போட்டார். அந்த மனிதர்களின் கழுத்துக்குக் காரணமான அதே பிகோதான் அவர்கள் நாட்டைப் பங்கு போடும் மேசையில் உட்கார்ந்தார். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோட்டுக்கு வடக்கே மோசூலையும் சேர்த்து பிரான்சுக்கு விட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. பிரிட்டனுக்கு அந்தக் கோட்டில் ரஷ்யாவைப் பார்த்துத்தான் பயம். ரஷ்யா அப்போது கூட்டாளி. 1915 மார்ச்சிலேயே இஸ்தான்புல்லும் ஜலசந்திகளும் உனக்கு என்று அதற்கு எழுதிக்கொடுத்தாகிவிட்டது. நாளை அது தெற்கே இறங்கினால் முதலில் பிரான்ஸ் இடிபடட்டும் என்று நடுவில் பிரான்சை நிறுத்தினார்கள். எதிரி ஜெர்மனியோடு சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே நண்பர்களுக்கு எதிராகத்தான் வரைபடம் வரைந்திருக்கிறார்கள். இத்தாலிக்கும் ஒரு துண்டு ஒதுக்கினார்கள்.

1916 வசந்தத்தில் சைக்ஸும் பிகோவும் ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடுக்குப் போனார்கள், ரஷ்யாவின் சம்மதம் வாங்க. அதே வாரங்களில் பாக்தாத்துக்குத் தெற்கே கூத் என்ற ஊரில், டைகிரிஸ் ஆற்று வளைவுக்குள், ஜெனரல் டவுன்ஷெண்டின் படை துருக்கியரால் சூழப்பட்டுக் கிடந்தது. பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்கள். குதிரைகளை அறுத்து உணவாகக் கொடுத்தார்கள். இந்தியர்களில் பலர் நெடுநாள் தொட மறுத்தார்கள். சத்துக் குறைவால் ஸ்கர்வி நோய் வந்தது. வெளியிலிருந்து மீட்கப்போன படைகளில் சுமார் 23,000 பேர் செத்தும் காயப்பட்டும் போனார்கள். அவர்களை விட்டுவிட்டால் பத்து லட்சம் பவுன், அப்புறம் இருபது லட்சம் பவுன் தருகிறோம் என்று துருக்கிய தளபதியிடம் பேரம் பேச ஆள் அனுப்பினார்கள். போனவர்களில் ஒருவர், பின்னால் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர் வாங்கிய லாரன்ஸ். துருக்கித் தரப்பு மறுத்துவிட்டது. ஏப்ரல் 26-ம் தேதி பெட்ரோகிராடில் ரஷ்யாவும் பிரான்சும் தங்கள் பங்கில் கையெழுத்துப் போட்டன. ஏப்ரல் 29-ம் தேதி கூத் சரணடைந்தது. சுமார் 13,000 பேர் கைதியானார்கள். பாலைவனத்தில் நடக்கவைத்தே அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களை முடித்தார்கள். மே 16-ல் சைக்ஸ்–பிகோ ஒப்பந்தம் உறுதியானது.

மூன்று தேதிகளையும் ஒன்றாகப் படியுங்கள். போர் முடிய இரண்டரை வருடம் இருக்கிறது, படை தோற்றுச் சரணடைகிறது, நிலம் மட்டும் பங்காகிவிட்டது.

நம் ஊரில் பெரியவர்கள் சிலர், "ஷரீஃப் ஹுசைன் காட்டிக்கொடுத்தார், அதான் கிலாபத் போச்சு" என்று ஒரே வரியில் முடிப்பார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. மக்காவும் மதீனாவும் இருக்கும் ஹிஜாஸ் அரிசிக்கும் கோதுமைக்கும் கப்பலை நம்பிய நாடு; செங்கடலைப் பிரிட்டன் அடைத்தபோது மக்காவில் பஞ்சம். மேலே ஜமால் பாஷாவின் தூக்குமரம். அந்த மனிதர் தன் ஜனத்துக்கு ஒரு வழி தேடினார், எழுத்தில் கொடுத்த வாக்கை நம்பினார். அவரைக் குற்றம் சொல்கிற நாம், அதே போரில் சுமார் 6 லட்சம் இந்தியர்கள் மெசபொடேமியாவுக்குப் போனதை எந்தக் கணக்கில் எழுதுவது? அதில் பாதிப் பேர் துப்பாக்கி தூக்காதவர்கள். மூட்டை தூக்கவும் சமைக்கவும் கழுதை ஓட்டவும் போனவர்கள். பட்டாளத்தின் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸும் அங்கே பாலம் கட்டியிருக்கிறார்கள். 1917-ல் இந்தியக் கஜானாவிலிருந்து போர்ச் செலவுக்கு 10 கோடி பவுன் "அன்பளிப்பு" என்று எடுத்தார்கள். அதில் நம் சீமையின் வரியும் சேர்ந்ததுதான்.

மீதி கதை வேகமாக நடந்தது. 1917 மார்ச்சில் பாக்தாத் விழுந்தது. நாங்கள் வெற்றிகொள்ள வரவில்லை, விடுவிக்க வந்தோம் என்று ஜெனரல் மாட் பெயரில் ஒட்டிய அறிக்கையை எழுதியவர் சைக்ஸ். நவம்பரில் ரஷ்யாவில் போல்ஷிவிக்குகள் ஆட்சிக்கு வந்து ரகசிய ஒப்பந்தங்களைப் பத்திரிகையில் போட்டு உடைத்தார்கள். ரஷ்யா ஒழிந்ததும் நடுவில் பிரான்ஸ் என்ற சுவருக்குத் தேவை இல்லாமல் போனது. 1918 டிசம்பர் 1-ம் தேதி லண்டனில் பிரெஞ்சுப் பிரதமர் க்ளெமான்சோ பிரிட்டிஷ் பிரதமர் லாய்ட் ஜார்ஜிடம் என்ன வேண்டும் என்று கேட்க, அவர் மோசூல் என்றார், கிடைத்தது. வேறென்ன என்று கேட்க, ஜெரூசலம் என்றார், அதுவும் கிடைத்தது. இரண்டு பேர், ஒரு சந்திப்பு. 1920 ஏப்ரலில் இத்தாலியின் சான் ரெமோவில், மேற்பார்வை ஆட்சி என்ற அர்த்தத்தில் மாண்டேட் என்று பெயர் வைத்துச் சட்டமாக்கினார்கள். மோசூல் எண்ணெயில் 25 சதவீதம் பிரான்சுக்கு. ஜூலையில் பிரெஞ்சுப் படை டமாஸ்கஸுக்குள் நுழைந்து ஹுசைனின் மகன் ஃபைசலைத் துரத்தியது. அதே கோடையில் இராக் கொந்தளித்தது. அடக்குவதற்கு மறுபடியும் இந்தியாவிலிருந்து படை போனது. இந்தப் பக்கம் கிலாபத் போராட்டம் சென்னை மாகாணம் முழுக்கப் பரவி, யாகூப் ஹசன் சேட் 1921 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் கைதானார்.

எல்லைகளைப் பிறகு உட்கார்ந்து போட்டார்கள். 1922 கடைசியில் உகைர் என்ற கடலோர முகாமில் காக்ஸ் சிவப்புப் பென்சிலை எடுத்து இராக், குவைத், நஜ்த் எல்லைகளைக் கீறினார். 1913-ல் துருக்கியோடு பேசி ஒத்துக்கொண்ட குவைத்தில் மூன்றில் இரண்டு பங்கு அந்தப் பென்சிலில் இப்னு சவூதுக்குப் போனது. குவைத் ஷேக் அந்தக் கூட்டத்தில் இல்லை. அதற்கு முந்தைய வருடம், 1921 அக்டோபரில், கொழும்பில் மதராஸ் அதிகாரிகளும் சிலோன் அதிகாரிகளும் கூடி நம் கடலில் மீன்பிடி எல்லை பேசி, கச்சத்தீவுக்கு மேற்கே மூன்று மைலில் கோடு போட்டார்கள். அந்தக் கூட்டத்திலும் ராமேஸ்வரம், தங்கச்சிமடத்துக்காரர் ஒருவரும் இல்லை.

1990 ஆகஸ்ட் 2-ம் தேதி சதாமின் படை குவைத்துக்குள் வந்தபோது, குவைத் என்பது பஸ்ரா மாகாணத்தின் ஒரு பகுதி என்று பாக்தாத் ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. 1899-ன் ரகசியக் காகிதமும் 1922-ன் பென்சிலும் எனக்கு அப்போது தெரியாது. பஸ்ரா வழியாக, பாக்தாத் வழியாக, ருத்பா தாண்டி ஜோர்டான் எல்லைக்குப் பஸ்ஸில் போனோம். ருவைஷித் பக்கம் கூடாரங்களில் ஆயிரக்கணக்கில் நம் ஆட்கள், வங்காளதேசத்தார், இலங்கைக்காரர்கள். தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓட்டம். ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் கையில் இருந்த குவைத் தினார் கட்டைக் காட்டி, "காக்கா (அண்ணே), இது செல்லுமா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே வந்தார். அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை பம்பாய் சேர்த்தன, அவர்களில் நானும் ஒருவன். அபூ காலித் வரவில்லை. அவருக்குத் திரும்பிப் போக ஒரு நாடு கிடையாது. அடுத்த வருடம் போர் முடிந்ததும் லட்சக்கணக்கான ஃபலஸ்தீனியர்கள் குவைத்தை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அவர் எங்கே போனார் என்று விசாரித்தேன், தகவல் வரவில்லை.

இனி, இதைப் படிக்கிற நம் மாவட்டத்தாரிடம் ஒரு வேண்டுகோள். மெசபொடேமியாவில் இறந்தவர்களுக்காக பஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் கட்டினார்கள். 40,000-க்கும் மேற்பட்டவர்களை அது நினைவுகூருகிறது. பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் பொறித்திருக்கிறார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர்; சாதாரணச் சிப்பாய்களை ரெஜிமெண்ட் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக எழுதி முடித்துவிட்டார்கள். 1997-ல் சதாம் அதைப் பெயர்த்து நாசிரியா சாலையில் பாலைவனத்துக்குள் கொண்டுபோய் வைத்தார். அந்த எண்களுக்குள் நம் பக்கத்து ஆட்கள் இருந்தால் அவர்களுடைய பெயர் இங்கேதான் எங்காவது இருக்கும். "இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள்" என்று பொறித்த சிறிய பளிங்குப் பலகைகளை அப்போது பல ஊர்களில் பதித்தார்கள். பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி, திருவாடானை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பழைய பள்ளிச் சுவரிலோ சாவடியிலோ அப்படி ஒன்று இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். வீட்டில் பழைய பட்டாளத்து மெடல் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். எண்ணும் பெயரும் படைப்பிரிவும் சன்னமாக வெட்டியிருக்கும். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்துவிடாதீர்கள், எழுத்து போய்விடும். கொஞ்சம் மாவு தடவித் துடைத்தால் எழுத்து தெரியும். அந்த வரியை மட்டும் இங்கே கீழே எழுதினால் போதும், எந்தப் படைப்பிரிவு எங்கே போனது என்று நான் தேடிச் சொல்கிறேன்.